கடைசி கான்சர்ட்டுக்கு ஒரு கேட் பாஸ்

எங்கள் கம்பெனியில் சரக்கு கப்பலேறுகிற ஷிப்மெண்ட் வாரத்தில், பாதி வேலையில் வெளியே போகக் கேட் பாஸ் வேண்டுமென்றால் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் உள்ளேயே நர்ஸம்மா இருக்கிறார், ஒரு மாத்திரையைக் கொடுத்துத் திரும்ப மெஷினுக்கு அனுப்பிவிடுவார். கல்யாணம் என்றால் பத்திரிகையைக் காட்ட வேண்டும். காட்டினாலும், "முகூர்த்தம் காலையிலதானம்மா, சாப்டுட்டு பத்து மணிக்கு வந்துடு" என்பார் சூப்பர்வைசர். சாவுக்கு மட்டும்தான் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக அப்பர் தைக்கிறேன். ஷூவில் காலை மூடுகிற மேல்தோலுக்கு அப்பர் என்று பெயர். இந்தப் பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பொய்யாகச் சாவு சொன்னேன். அதுவும் ஒரு பாட்டுக் குழுவைப் பார்ப்பதற்காக.

சினிமாப் பாட்டு இல்லை. சென்னையில் நான்கு பேர், தாங்களே எழுதி, தாங்களே கிடார் போட்டு, டிரம்ஸ் அடித்து, தாங்களே வீடியோவும் எடுத்து யூடியூபில் போடுகிறவர்கள். முதல் தடவை கேட்டது கம்பெனி பஸ்ஸில். பக்கத்து சீட்டில் இருந்த பெண் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போக, அவள் போனில் கொஞ்ச நேரம் அது ஓடியது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு தெருவைப் பற்றிய பாட்டு. காதல் இல்லை, மழை இல்லை, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற எரிச்சல் மட்டும். நடுவில் ஒரு இடத்தில் பாடுகிறவன் பாடுவதை விட்டுவிட்டுக் கத்துவான். நான் கத்த வேண்டியதை எவனோ கத்துகிறானே என்று இருந்தது. வீட்டுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஆறு வருடம் நான் அவர்களுக்கு அடிமை.

அவர்களுடைய வீடியோ ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். டவுன் பஸ்ஸில் ஒரே ஷாட்டாக எடுத்த வீடியோவில் மூன்றாவது நிமிடம் ஒரு அம்மாவின் டிபன் பாக்ஸ் கீழே விழும். அது திட்டமிட்டது இல்லை, டிரம்ஸ்காரர் சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரியும். இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? கமெண்டில் எழுதுவேன். ஒருமுறை அவர்கள் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஊசியே உடையவில்லை.

ஆனால் நேரில் பார்த்ததில்லை. அதுதான் என் நோவு. நேரில் கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதுவார்கள். டிரம்ஸ் சத்தம் காதில் கேட்காது, நெஞ்சில் வந்து இடிக்கும் என்று. என் நெஞ்சில் பதினோரு வருடமாகத் தையல் மெஷின்தான் இடித்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, வேறு ஏதாவது இடிக்கட்டுமே என்று பைத்தியம் பிடித்த மாதிரி ஏங்கினேன். முதலில் வேலூரில் ஒரு காலேஜ் விழாவுக்கு வந்தார்கள். காலேஜ் ஐடி இல்லாமல் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, சுவர் தாண்டி வந்த தும் தும்மைக் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்தது சென்னையில். துணைக்கு வருவதாகச் சொன்ன தம்பி அன்று காலையில் மாறிவிட்டான், அம்மா தனியாக அனுப்பவில்லை. மூன்றாவது பெங்களூரில். அது ஷிப்மெண்ட் வாரம்.

பிறகு ஒருநாள் டீ பிரேக்கில் போனை எடுத்தால், அவர்கள் நான்கு பேரும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழு கலைகிறதாம். ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஒரு ஹாலில் கடைசி ஷோ. அதோடு சரி.

டிக்கெட்டை அங்கேயே நின்று போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தேன். அதுவும் ஷிப்மெண்ட் வாரம்.

யாரைச் சாகடிப்பது என்று மூன்று நாள் யோசித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தது நிஜம். அப்பா ஏற்கனவே இல்லை. அம்மாவைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா பக்கத்து உறவெல்லாம் ஆம்பூரிலேயே இருக்கிறார்கள், லைனில் பாதிப் பேருக்குத் தெரிந்தவர்கள். மிச்சம் இருந்தது அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. விரிஞ்சிபுரத்தில், பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்குத் திரும்புகிற முனையில் பூக்கடை வைத்திருக்கிறாள். தனி ஆள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போய்விடுவேன். கம்பெனியில் எனக்கு அங்கே ஒரு அத்தை இருக்கிறாள் என்று தெரியுமே தவிர, அவள் முகம் யாருக்கும் தெரியாது. என் பாட்டைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆளும் அவள்தான். ஒருமுறை இயர்போனில் ஒன்றை அவள் காதில் வைத்தேன். பூத்தொடுக்கிற கையை நிறுத்தாமல் முழுப் பாட்டையும் கேட்டாள்.

"இன்னாடி இது, நாலு பேரும் சண்ட போட்டுக்குறானுங்க. யாராவது போய் வெலக்கி வுடக்கூடாது?" என்றாள். அப்புறம், "இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

அத்தை என்றால் தெரிந்தால்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். நம் மேல் பிரியமாக இருக்கிறவர்கள் தலையில்தானே நாம் மிளகாய் அரைப்போம்.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. எங்கள் கம்பெனியில் சாவு விழுந்தால் லைன் போகும். லைன் என்றால் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற முப்பது பேர். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸையே சாவு வீட்டுக்குத் திருப்புவார்கள். போகிற வழியில் மாலை வாங்கி, எல்லோருமாக உள்ளே போய்ப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் நின்று அழுதுவிட்டு வருவார்கள். இந்து, கிறிஸ்டியன், முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. என் அப்பாவுக்கும் வந்தார்கள், அத்தை விரிஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் திரும்பிவிட்டார்கள். இது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஷிப்மெண்ட் வாரத்தில் ராத்திரி ஒன்பது வரை ஓவர்டைம் ஓடும், லைன் எங்கேயும் போகாது. அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். அம்மாவிடம், சனிக்கிழமை வேலை முடிந்து அத்தை வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணி டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, காதில் வைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை தானாக வந்தது. நடிக்க வேண்டியே இருக்கவில்லை, பயத்திலேயே வந்துவிட்டது. என் பக்கத்து மெஷின் அக்கா ஓடி வந்து பிடித்துக்கொண்டார். நான் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து பக்கத்தில் இருப்பவர், ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் திட்டுகிறவர்.

"இன்னா ஆச்சு? யாருக்கு?"

"விரிஞ்சிபுரம் அத்த போய்டுச்சுக்கா. காலைல."

"அய்யோ. தண்ணி குடி, தண்ணி குடி மொதல்ல."

சூப்பர்வைசர் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். "தைரியமா போய்ட்டு வாம்மா. ஷிப்மெண்டு இல்லன்னா லைன அனுப்பியிருப்பேன்" என்றார். அக்கா கேட் வரைக்கும் வந்து என் பையைக் கொடுத்தார். அதற்குள் கான்சர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கறுப்பு டாப் மடித்து இருந்தது.

ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணல் தெரிந்தபோது முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டேன். காட்பாடி தாண்டியதும் சரியாகிவிட்டது. அரக்கோணத்துக்கு மேல் சந்தோஷம்கூட வந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும், நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். மூன்று மணி வாக்கில் அக்காவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சாவு வீட்டில் எவள் போன் எடுப்பாள் என்று சைலன்ட்டில் போட்டுவிட்டேன்.

ஹால் நான் நினைத்ததைவிடச் சின்னது. நாற்காலி கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகள். ஒருத்தி என்னிடம், "அக்கா, ஃபர்ஸ்ட் டைமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "முன்னாடி போங்கக்கா, டிரம்ஸ் நேரா இடிக்கும்" என்று கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் ஒருவர் வந்து, கடைசி வீடியோவுக்காக இன்றைக்குக் கூட்டத்தையும் படம் எடுக்கிறோம், விருப்பமில்லாதவர்கள் பின்னால் நின்றுகொள்ளலாம் என்றார். நான் பின்னால் போகிற ஆளா? டிரம்ஸ் எனக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

ஆரம்பிக்க லேட்டாகிக்கொண்டிருந்தது. மணி பார்க்கப் போனை எடுத்தேன். அத்தையிடமிருந்து நான்கு மிஸ்டு கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வந்தது. இதை எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

"எங்கடி கீற?" என்றாள் அத்தை.

"சென்னையில அத்த. கான்சர்ட்டுக்கு."

"அந்தச் சண்டக்காரனுங்களா?"

"ஆமா."

"அதான பாத்தேன். உங்க கம்பெனி பஸ்ஸு வந்துச்சுடி இங்க."

நடந்தது இதுதான். மதியம் பதனிடுகிற இடத்திலிருந்து வந்த தோல் ஷேடு மாறியிருந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு நிறம். ஷூ வாங்குகிற பையர் பார்த்தால் மொத்தமும் திரும்பிவிடும் என்று, வேறு தோல் வரும்வரை லைனை நிறுத்திவிட்டார்கள். முப்பது பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று சூப்பர்வைசர் நல்ல மனதோடு பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார். போய்ட்டு சீக்கிரம் வந்துடுங்க, பாவம் அந்தப் பொண்ணு என்றாராம். அக்கா வழி கேட்கத்தான் எனக்கு அத்தனை போன் போட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. சரி, ஊருக்குள் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்கள். வழியில் மாலை வாங்க மறந்துவிட்டார்கள். விரிஞ்சிபுரத்தில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் பூக்கடைக்குப் போய் மாலை கேட்டிருக்கிறார்கள்.

"சாவு மாலன்னாங்க. கோயில் முனைல சாவுக்கு கட்ட மாட்டேம்மான்னேன். தூரத்துல இருந்து வர்றோம், வேற கட இல்ல, கொஞ்சம் பாத்து குடுங்கம்மான்னு ஒரு பொம்பள கெஞ்சிச்சு. சரின்னு ரோஜாவ எடுத்து வெச்சேன். யாரும்மா செத்ததுன்னு கட்டிக்கினே கேட்டேன். எங்க கூட வேல செய்ற பொண்ணோட அத்தன்னாங்க. எந்தப் பொண்ணுன்னேன். ஆம்பூர் பொண்ணு, சுருட்ட முடி, எப்ப பாத்தாலும் காதுல ஒயரு மாட்டிக்கினு பாட்டு கேக்கும்னாங்க."

மறு காதை விரலால் அடைத்துக்கொண்டேன்.

"அப்பால தான் எனுக்கு புரிஞ்சுச்சு. மாலைல பாதி முடிஞ்சிருந்துச்சு."

"அத்த."

"இரு, சொல்றேன். மீதியும் கட்டி முடிச்சேன். முடிச்சு குடுத்துட்டு, அது மத்தியானமே எடுத்துட்டாங்கம்மா, வீட்ல யாரும் இல்ல, எல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க ஊருக்கு போய்ட்டாங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டாங்க. அதுவும் கூட போச்சு, ரொம்ப அழுதுச்சு பாவம்னேன். இன்னா பண்றது? உன் வேல போய்டும் இல்ல?"

"அத்த, நான்..."

"மாலைய இன்னா பண்றதுன்னு முழிச்சாங்க. ஆத்துல போட்டுட்டுப் போங்கம்மான்னு வழி காட்டுனேன். அந்தக் கெஞ்சுன பொம்பள என் கட முன்னாடியே உக்காந்து அழுதுச்சு. உன்ன நெனச்சுதான் அழுதுச்சுபோல. நான்தான் தண்ணி குடுத்தேன்." அத்தை சிரித்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "எனுக்கும் அழுவறதுக்கு ஆளு கீதுன்னு இன்னிக்குதான் பாத்தேன். சரி சரி, வெய்க்கிறேன். நீ பாட்டு கேட்டுட்டு பத்தரமா வா."

விளக்குகள் அணைந்தன. நான்கு பேரும் மேடைக்கு வந்தார்கள். கூட்டம் கத்தியது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியது தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மயக்கமில்லை, கண் திறந்துதான் இருந்தது. என் வாய்கூட அசைந்தது, வரிகள் மனப்பாடமாயிற்றே. ஆனால் சத்தம் உள்ளே வரவில்லை. அத்தையின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மாலையில் தெரிந்துவிட்டது என்றாளே, மீதிப் பாதியை எப்படிக் கட்டியிருப்பாள்? நாரை இறுக்கியிருப்பாளா, ஏனோதானோ என்று விட்டிருப்பாளா? நல்ல ரோஜாவைப் பொறுக்கி வைத்திருப்பாளா? தனக்குத்தானே மாலை கட்டுகிறவள் நீளம் எப்படிப் பார்ப்பாள்? கேள், கேள், இதற்குத்தானே வந்தாய், இனிமேல் கிடையாது, கேட்டுத் தொலை என்று என்னையே திட்டினேன். தொடையில் கிள்ளிக்கொண்டேன். தண்ணீர் லாரிப் பாட்டு வந்தது. அந்தக் கத்தலுக்கு ஹாலே சேர்ந்து கத்தியது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என் தோளில் கை போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அவள் வேறு எதற்கோ அழுதாள். ஆறு வருடம் ஏங்கிய இடத்தில் நின்றுகொண்டு, வேலூரில் வெளியே நின்றபோது கேட்ட அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை.

ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் முதல் ரயில் பிடித்து நேராக விரிஞ்சிபுரம் போனேன். அத்தை கடையில் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தாள். காலைப் பிடிக்கலாம் என்று குனிந்தேன், நடு ரோட்டில் கூத்து காட்டாதே என்று அதட்டினாள். பக்கத்துக் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்தாள். "இனிமே ஆம்பூரு பக்கம் நான் வர முடியாதுடி. எவளாவது பாத்தா பேய்னு கல்லால அடிப்பா" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், என்னால் சிரிக்க முடியவில்லை.

"பாட்டு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு அத்த."

"நெஞ்சுல இடிக்கும் இடிக்கும்பியே, இடிச்சுதா?"

"இடிச்சுது."

"ம்... அது போதும், வுடு" என்று அடுத்த பூவை எடுத்தாள். அவளிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். தலையில் பூ வைக்கவில்லை, வைக்க முடியாதே. லைனில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். அக்கா எனக்காக வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அந்தப் பூக்காரம்மா சொன்னாங்க, நீ ரொம்ப அழுதியாமே" என்றார். தலையாட்டினேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. மதியம் கம்பெனி சாப்பாட்டு ஹாலின் கடைசி மூலையில் போய் உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினேன். அன்று கேட்காததை இன்றாவது கேட்டுவிடலாம் என்று சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. அது ஸ்டூடியோவில் பதிவு செய்தது. அதே சுத்தமான, நான் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். படம் மட்டும்தான் அந்த ஹால். அன்று அவர்கள் வாசித்தது இதில் இல்லை, கூட்டத்தின் கத்தல் இல்லை. குழுவும் இல்லை. இனி அதை யாரும் எனக்குத் தர முடியாது. மூன்றாவது நிமிடத்தில் என் முகம் வந்தது. இரண்டு நொடி. கறுப்பு டாப், சுருட்டை முடி, கன்னத்தில் கண்ணீர். கீழே ஒருவர், அந்த அக்காவைப் பாருங்கள், அவர்தான் நிஜமான ரசிகை என்று எழுதியிருந்தார்.

தலையைத் தூக்கினால் பக்கத்து மெஷின் அக்கா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். போனை மறைக்க நேரமில்லை.

"இது நீதான?" என்றார். கீழே ஷோ நடந்த தேதி போட்டிருந்தது. அதைப் படித்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சாவு எடுத்துட்டு நேரா அங்க போனியா? அந்தப் பாட்டுக்காரனுங்க கிட்ட?" என்றார். குரலில் கோபம் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானுன்னா சர்ச்சுக்கு போயிருப்பேன். உனுக்கு அதான் சர்ச்சு போல." போனைத் தன் பக்கம் திருப்பி, என் முகம் வந்த இடத்தை மறுபடி ஓட்டினார். "அத்தைய நெனச்சுதான அழுவுற இதுல?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் கையில் சாப்பாட்டோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாப்பாட்டு ஹால் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை, அக்கா இயர்போனைப் பிடுங்கிவிட்டிருந்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்காக அந்த இரண்டு நொடியையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். பாவம், எப்படி அழுகிறாள் பார் என்று ஒருத்தி என் தலையைத் தடவினாள். மணி அடித்தது, எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தோம்.